மஸ்ஜித் ஜமேக்கில் இறங்குங்கள்: எல்.ஆர்.டி. பிடித்துப் பழைய கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் என்னிடம் கேட்பது "இரட்டைக் கோபுரத்துக்கு எப்படிப் போவது?" என்பதுதான். போங்கள், கட்டாயம் பாருங்கள், 452 மீட்டர் உயரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதே தனி அனுபவம். ஆனால் கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், காலையில் மஸ்ஜித் ஜமேக் எல்.ஆர்.டி. (நகருக்குள் ஓடும் இலகு ரயில்) நிலையத்தில் இறங்குங்கள், கோபுரத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இந்த நகரம் பிறந்த இடம் அந்த நிலையத்திலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் இங்கே வந்து கடை போட்டதும், கோயில் கட்டியதும், பள்ளிவாசல் எழுப்பியதும் அந்த வட்டாரத்தில்தான். டாக்சி வேண்டாம், சுற்றுலா பஸ் வேண்டாம். நடக்கத் தோதான செருப்பும் ஒரு குடையும் போதும்.

முதலில் ரயில் ஏறுவதைப் பார்த்துவிடுவோம், புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

விமான நிலையத்திலிருந்து கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸில் வந்தால் கே.எல். சென்ட்ரலில் இறங்குவீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அறை எடுத்திருந்தாலும் பக்கத்து நிலையம் அதுதான். அங்கே ஐந்தாறு ரயில் சேவைகள் ஒன்றாகச் சேருவதால் பலகைகள் கண்ணைக் கட்டும். நீங்கள் தேட வேண்டியது கிளானா ஜெயா தடம், வரைபடத்தில் எண் 5. கோம்பாக் போகும் பக்கம் ஏறுங்கள். முதல் நிறுத்தம் பசார் செனி, இரண்டாவது மஸ்ஜித் ஜமேக். ஐந்து நிமிடம்தான் ஆகும். இந்தத் தடத்து ரயில்களில் ஓட்டுநர் கிடையாது, முழுக்கத் தானியங்கி, அதனால் முன்பெட்டியில் கண்ணாடி ஓரமாக நின்றால் ரயில் சுரங்கத்துக்குள் இறங்குவதை நேராகப் பார்க்கலாம். குழந்தைகளோடு வந்தால் அந்த இடத்தைப் பிடித்துக்கொடுங்கள்.

டிக்கெட் என்று காகிதம் எதுவும் வராது. இயந்திரத்தின் திரையில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, போக வேண்டிய நிலையத்தைத் தொட்டு, காசு போட்டால், கேரம் காயைவிடச் சிறியதாக நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை விழும். இதற்குத் தோக்கன் என்று பெயர். உள்ளே போகும்போது வாயிலில் இருக்கும் வட்டத்தின் மேல் அதை வைத்து எடுங்கள், கதவு திறக்கும். வைத்து எடுத்ததும் பத்திரமாக உள்பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெளியே வரும்போது அதே வில்லையைத் துளைக்குள் போட்டால்தான் கதவு விடும். என் சின்னம்மா ஒருமுறை அதைச் சில்லறையோடு சில்லறையாகப் பணப்பையில் போட்டுவிட்டு, வெளியேறும் வாயிலில் பின்னால் வரிசை நிற்க, 20 காசுகளையும் 50 காசுகளையும் ஒவ்வொன்றாகக் கையில் கொட்டித் தேடினார். அன்றிலிருந்து யாரை அழைத்துப் போனாலும் தோக்கனுக்கு ஒரு தனிப் பை என்று சொல்லிவிடுகிறேன்.

பணம் பற்றியும் ஒன்று. இங்கே நம் ஆட்கள் ரிங்கிட்டை "வெள்ளி" என்பார்கள், சென் என்ற சில்லறையைக் "காசு" என்பார்கள். சென்ட்ரலிலிருந்து மஸ்ஜித் ஜமேக்குக்கு 2 வெள்ளிகூட ஆகாது. பெரிய நோட்டை இயந்திரம் வாங்காது, அதனால் 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டுகளாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால் தோக்கன் தொல்லையே வேண்டாம், டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், பஸ் எல்லாவற்றுக்கும் அதையே தட்டலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையில் நான்கு பேர் நுழைய முடியாது.

பெயர்ப்பலகைகள் மலாயில் இருக்கும், ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை, நாலைந்து சொல் தெரிந்தால் சமாளித்துவிடலாம். மாசுக் என்றால் உள்ளே, கெலுவார் என்றால் வெளியே, தண்டாஸ் என்றால் கழிப்பறை. ஜாலான் என்பது சாலை, லெபு என்பது வீதி, லோரோங் என்பது சந்து. பெட்டிக்குள் "ஸ்தேசென் பெரிகுத்ஞா" என்று குரல் வந்தால் "அடுத்த நிலையம்" என்று பொருள், அதற்குப் பின்னால் வரும் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். மஸ்ஜித் ஜமேக்கில் மூன்று தடங்கள் சந்திக்கின்றன. கிளானா ஜெயா தடம் பூமிக்கு அடியில் ஓடுகிறது. அம்பாங் தடமும் ஸ்ரீ பெட்டாலிங் தடமும் தலைக்கு மேலே, ஒரே தண்டவாளத்தில் வந்து, சான் சோவ் லின் நிலையத்துக்கு அப்புறம் இரண்டாகப் பிரிகின்றன. இதில் ஒரு பொறி இருக்கிறது: கிளானா ஜெயா தடத்தின் கடைசி நிலையமும் புத்ரா ஹைட்ஸ், ஸ்ரீ பெட்டாலிங் தடத்தின் கடைசி நிலையமும் புத்ரா ஹைட்ஸ். 2016இல் இரண்டையும் நீட்டி அங்கே கொண்டுபோய் இணைத்தார்கள். அதனால் "புத்ரா ஹைட்ஸ்" என்ற பலகையை மட்டும் நம்பி மேலே ஏறிப் போய் நின்றால், வருகிற ரயில் கே.எல். சென்ட்ரல் பக்கமே போகாது. என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் அப்படி ஏறி, சென்ட்ரல் இப்போது வரும், அப்போது வரும் என்று நகரத்தின் தெற்குக் கோடிவரை போய்விட்டார். திரும்பும்போது சென்ட்ரலுக்குக் கீழே இறங்குங்கள், மேலே ஏறாதீர்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இறங்கிவிட்டீர்கள். காலை எட்டரைக்கு வந்து சேர்வது நல்லது. அலுவலகக் கூட்டம் அப்போது வடியத் தொடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

வெளியே வந்ததும் நேராகப் பள்ளிவாசலுக்குப் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், பார்வையாளர்களைப் பத்து மணிக்கு மேல்தான் உள்ளே விடுகிறார்கள். முதலில் லெபு அம்பாங்குக்குப் போய்ப் பசியாறுங்கள் (இங்கே காலை உணவை அப்படித்தான் சொல்வோம், "பசியாறிட்டீங்களா" என்று யாராவது கேட்டால் டிபன் ஆயிற்றா என்று பொருள்). நிலையத்திலிருந்து இரண்டு மூன்று நிமிட நடை. ஒரு காலத்தில் இது செட்டியார்களின் தெரு. காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த நகரத்தார் இங்கே கிட்டங்கி வைத்து, தரையில் பாய் விரித்து, சாய்வு மேசை போட்டு வட்டிக்கடை நடத்தினார்கள். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் அவர்கள் கொடுத்த கடன் போயிருக்கிறது. இப்போதும் அந்தத் தெருவில் பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, உங்களுக்கும் மாற்ற வேண்டியிருந்தால் நாலு கடையில் விலை கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

தோசை சாப்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடாமல், எதிர்ப்பக்கம் போய் நின்று கட்டடங்களின் மாடியைப் பாருங்கள். கீழே கடைப் பலகைகள் எல்லாவற்றையும் மறைத்திருக்கும், மேலேதான் பழையது மிச்சம் இருக்கிறது. பழைய செட்டியார் கடைவீடுகளில் பீங்கானில் செய்த மயில்கள் தோகையோடு சுவரில் பதிந்திருக்கும், வண்ணம் கொஞ்சம் மங்கி, ஓரத்தில் சிமெண்டு தெரியும். சின்னம்மாவுக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம். அந்த மயிலைப் பார்த்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "எங்க வீட்டு வாசல்ல இருக்கிற மாதிரியே இருக்கே" என்று கைபேசியை எடுத்து ஊருக்குக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அந்தத் தெருவில் பல வருடங்களாக நடந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

அப்புறம் பள்ளிவாசல். ஜாலான் துன் பேராக்குக்கு வந்தால் எதிரிலேயே இருக்கிறது. 1909இல் திறந்தது, வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹபக். 1965இல் தேசியப் பள்ளிவாசல் வரும்வரை நகரத்தின் முதன்மைப் பள்ளிவாசல் இதுதான். 2017இலிருந்து சுல்தான் அப்துல் சமாட் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். செங்கல் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பட்டைகள், மூன்று குவிமாடங்கள், சுற்றிலும் தென்னைகள். எல்லா மதத்தினரும் உள்ளே போகலாம். முழங்கை, முழங்கால் தெரியும் உடையில் வந்திருந்தாலும் கவலை இல்லை, வாசலிலேயே அங்கியும் தலைத்துணியும் கொடுப்பார்கள். தொழுகை நேரங்களில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, வெள்ளிக்கிழமை மதியத்தை மறந்துவிடுங்கள். உள்ளே சத்தம் போடாமல் ஆற்றுப் பக்கம் போய் நின்று பாருங்கள், இங்கே வந்ததற்கு அதுதான் காரணம்.

இடப்பக்கம் ஓர் ஆறு, வலப்பக்கம் ஓர் ஆறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் இந்தப் பள்ளிவாசலின் முனையில் கலக்கின்றன. கோலா என்றால் கழிமுகம் அல்லது கூடல், லும்பூர் என்றால் சேறு. ஊரின் பெயரே இந்த ஒரு மூலையைத்தான் குறிக்கிறது. 1857இல் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகில் வந்து, இங்கே இறங்கி, அம்பாங் பக்கம் காட்டுக்குள் நடந்து போனார்கள். ஈயத்தை ஏற்றி இறக்கவும் சாமான் விற்கவும் இந்த மேட்டில் முளைத்த கடைகள்தாம் பிறகு தலைநகரம் ஆயின. மழை பெய்த மறுநாள் போனால் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் சுழித்து ஓடும், பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும். இருட்டியதும் இதே கரையில் நீல விளக்குகள் எரியும், முடிந்தால் இரவில் இன்னொரு முறை வாருங்கள்.

இனி மெர்டேக்கா (சுதந்திர) சதுக்கம். ஜாலான் துன் பேராக்கிலேயே மேற்கே நடந்து கோம்பாக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் ஜாலான் ராஜாவில் திரும்பினால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் நீளமாக நிற்கும். சென்னைக்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் ஞாபகம் வரும், இரண்டும் இந்தோ சராசனிக் பாணிதான், இது 1897இல் முடிந்தது. செம்புக் குவிமாடமும் மணிக்கூண்டும் உள்ள இந்தக் கட்டடத்தை நிழற்படம் எடுக்க வேண்டுமானால் புல்வெளியின் அந்தக் கோடிக்குப் போங்கள், பக்கத்தில் நின்றால் பாதிதான் விழும். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறியது இந்தத் திடலில்தான். அதற்கு முன் அது கிரிக்கெட் திடல். எதிரே மரச்சட்டங்கள் போட்ட வீடு மாதிரி தெரிவது ராயல் சிலாங்கூர் கிளப், அங்கே வெளியாட்கள் நுழைய முடியாது. திடலில் நிழல் கிடையாது. பதினொன்றரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். தெற்கு ஓரத்தில் இருக்கும் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்துக்குள் குளிரூட்டி உண்டு. பாத்தேக், சோங்கேட் துணிகள் எப்படி உருவாகின்றன என்று பார்த்தபடியே உடம்பையும் ஆற்றிக்கொள்ளலாம். முன்பு அது ரயில்வே தலைமையகம்.

அங்கிருந்து லெபு பசார் பெசார் பாலத்தில் ஏறுங்கள். பாலத்தின் நடுவில் நின்று வடக்கே பார்த்தால், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே பள்ளிவாசல் முழுதாகத் தெரியும். நாள் முழுக்க ஒரே ஒரு படம்தான் எடுப்பேன் என்றால் இங்கே எடுங்கள்.

பாலம் தாண்டினால் மேடான் பசார். சீனத் தலைவர் யாப் ஆ லோயின் சந்தை இருந்த இடம். 1881இல் முதலில் தீ, பிறகு வெள்ளம், பலகையும் அத்தாப்பு என்னும் ஓலைக் கூரையுமாக இருந்த ஊர் அழிந்தது. இனிச் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட பகுதிதான் இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸ். மேடான் பசாரில் இப்போது 1937இன் மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. ஐந்து நிமிடம் போதும்.

மதியச் சாப்பாட்டுக்கு எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கலாம், வாழையிலைச் சாப்பாடு, நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்), மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) எல்லாம் சுற்றிலும் உண்டு. தேநீர் சொல்லும்போது கவனம்: வெறுமனே "தே" என்றால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டு வரும். இனிப்புக் குறைய வேண்டுமானால் "குராங் மானிஸ்", பாலும் சர்க்கரையும் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்". மதியத்துக்கு மேல் இங்கே இடி மழை சகஜம். திடீரென்று கொட்டினால் பதற வேண்டாம், கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை இருக்கிறது. மழை நனைக்காமல் ஒரு தெரு முழுவதும் நடந்துவிடலாம்.

நான்கு, நான்கரை மணிக்குமேல் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் தெற்கே நடங்கள். மேடான் பசாரிலிருந்து பத்து நிமிடத்தில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும். 1873இல் தம்புசாமி பிள்ளை தம் குடும்பக் கோயிலாகத் தொடங்கியது, 1885இல் இந்த இடத்துக்கு வந்தது, இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1968இல் எழுந்தது. பத்துமலையில் வேல் நட்டு முருகன் கோயில் எழும்பக் காரணமானவரும் அவர்தான். தைப்பூசத்தை ஒட்டி வெள்ளி ரதம் கிளம்புவது இந்த வாசலிலிருந்து. விடிய விடிய ஊர்ந்து, தேங்காய் உடைபடும் தெருக்கள் வழியே பத்துமலைக்குப் போகிறது. கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள் இருப்பார்கள். மல்லிகை வாடையும் ஈரத் தரையும் சேர்ந்து, வந்த இடம் வெளிநாடு என்பதையே மறக்கடித்துவிடும். செருப்பை வெளியே காப்பவரிடம் கொடுத்துவிட்டுச் சில்லறை கொடுங்கள். மதியம் நடை சாத்தியிருக்கக்கூடும், அதனால்தான் மாலை என்கிறேன். வெளியே வந்து எதிர்ப்பக்கம் பார்த்தால் குவான் டி சீனக் கோயில். இங்கே சாம்பிராணி, அங்கே ஊதுவத்திச் சுருள், நடுவில் ஒரு தெருதான். இரண்டுக்குள்ளும் போய் வாருங்கள்.

பிள்ளையாரையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஜாலான் பூடு லாமாவில் இருக்கும் கோர்ட்டுமலை பிள்ளையார் கோயிலுக்கு நடக்கலாம். நீதிமன்றம் இருந்த குன்றின் மேல் குடிகொண்ட பிள்ளையாருக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அது. ஏறுமுகமான நடை, முட்டிவலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த தெரு பெட்டாலிங் ஸ்திரீட். பை, கடிகாரம், சட்டை என்று கூவுவார்கள், சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். எனக்கு அதைவிட, ஐந்து நிமிடம் தள்ளி இருக்கும் சென்ட்ரல் மார்க்கெட் பிடிக்கும். 1888இல் மீன், காய்கறிச் சந்தையாகத் தொடங்கிய இடம் இப்போது கைவினைப் பொருள் கூடம், விலையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கும். அதன் பக்கத்திலேயே பசார் செனி நிலையம். ஆக, வந்த நிலையத்துக்குத் திரும்பி நடக்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் ஒரு நிலையத்தில் இறங்கி, மாலையில் அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்கிறீர்கள்.

சனிக்கிழமை என்றால் மட்டும் என் யோசனை வேறு. மஸ்ஜித் ஜமேக்குக்கே திரும்பி வந்து, நிலையத்தின் வடக்குப் பக்கம் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நுழையுங்கள். தமிழ் முஸ்லிம்கள் 1863இல் அமைத்த பள்ளிவாசலின் பெயரில் வந்த தெரு இது. சேலைக்கடை, நகைக்கடை, பூக்கடை எல்லாம் தாண்டிப் போனால், லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் சனிக்கிழமை இரவுச் சந்தை நடக்கும். பசார் மாலாம் என்பார்கள். வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு போங்கள், அப்பம் பாலிக் என்ற மடித்த இனிப்பு அப்பமும், சாத்தே என்ற குச்சியில் சுட்ட இறைச்சியும் சுடச்சுடக் கிடைக்கும். கூட்டம் தோளோடு தோள் உரசும் அளவுக்கு இருக்கும், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பத்துமலையை இதே நாளில் திணிக்காதீர்கள். 272 படி, உச்சி வெயில், ஒருநாள் நடந்த கால். மறுநாள் காலை கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொமுட்டர் ரயிலில் ஏறினால் நேராகப் பத்துமலை வாசலிலேயே இறங்கலாம். கொமுட்டரில் நடுப்பெட்டிகள் பெண்களுக்கு மட்டும், இளஞ்சிவப்பு அறிவிப்பு ஒட்டியிருக்கும், ஆண்கள் பார்த்து ஏறுங்கள்.

இரட்டைக் கோபுரம் பாக்கி இருக்கிறதல்லவா? பசார் செனியில் கோம்பாக் பக்கம் போகும் ரயிலைப் பிடியுங்கள். மஸ்ஜித் ஜமேக், டாங் வாங்கி, கம்போங் பாரு, நான்காவது நிறுத்தம் கே.எல்.சி.சி. ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை அலுவலகக் கூட்டம் அடைத்துக்கொண்டு வரும், அதனால் சென்ட்ரல் மார்க்கெட்டிலேயே ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டு ஏழரைக்கு ஏறுங்கள். நீங்கள் வெளியே வரும்போது கோபுரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.